தெருத் தெருவாகக் குழந்தைகளைத் தேடிய புளோரன்ஸ் கெல்லி

கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாக அகளிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் சாலையோரத்தில் காண்பது கடைகளும் ஓட்டு வீடுகளும் கான்கிரீட் வீடுகளுந்தான். பழங்குடி மக்களின் ஊர்களில் பல, சாலையை விட்டு விலகி மலைச்சரிவிலும் காட்டை ஒட்டியும் இருக்கின்றன. ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர் கண்ணுக்கு அவை தென்படுவதில்லை.

அகளி, புதூர், சோளையூர் என்ற மூன்று பஞ்சாயத்துகள் சேர்ந்ததே அட்டப்பாடி. 2013-ம் ஆண்டில் அங்கே கைக்குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. பெரிய மாநிலங்களுக்குள் குழந்தை இறப்பு மிகக் குறைந்தது என்று பெயரெடுத்தது கேரளம். அந்தக் கேரளத்திலா இப்படி என்று பலரும் திகைத்தார்கள். திகைக்க வேண்டியதில்லை. மாநிலம் முழுவதற்கும் எடுத்த சராசரிக் கணக்கு, சாலையோரத்து வீட்டைப் போன்றது. அது தன் பின்னால் இருக்கும் குடிசையை மறைத்துக்கொண்டு நிற்கும்.

பின்கட்டில் இருப்பவர்களை எப்படிக் கண்டுகொள்வது? ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் புளோரன்ஸ் கெல்லி அம்மையார். வீடு வீடாகக் கணக்கெடுத்து, அதை வர்ணம் தீட்டிய வரைபடமாக்கி, படத்தில் கண்ட குழந்தைகளுக்காக நாற்பது ஆண்டுகள் போராடியவர் அவர்.

ஐந்து சகோதரிகள்

புளோரன்ஸ் 1859-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி பிலடெல்பியா நகரில் பிறந்தார். தந்தை வில்லியம் கெல்லி, அமெரிக்க நாடாளுமன்றத்தில் நெடுங்காலம் உறுப்பினராக இருந்தவர். வசதியான குடும்பம். ஆனாலும் அந்த வீட்டில் பிறந்த பெண் குழந்தைகளில் ஐந்து பேர் சிறுவயதிலேயே இறந்துவிட்டார்கள். பெண்களில் பிழைத்தது புளோரன்ஸ் ஒருவரே. குழந்தையைப் பறிகொடுத்த தாயின் துயரம் எப்படிப்பட்டது என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தம் தாயின் முகத்தில் பார்த்தே தெரிந்துகொண்டார்.

மகளுக்குத் தந்தையே எழுத்துக் கற்றுக்கொடுத்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட புத்தகம் இங்கிலாந்தில் வேலைக்குப் போகும் ஏழைக் குழந்தைகளைப் பற்றியது. செங்கல் சூளையில் ஈரக் களிமண்ணைத் தலையில் சுமந்து நிற்கும் சிறுவர்களின் படங்கள் அதில் இருந்தன. ஏழு வயதுக் குழந்தையிடம் காட்டும் புத்தகமா இது என்று வீட்டில் மற்றவர்கள் வருந்தினர். தந்தை தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

புளோரன்சுக்குப் பன்னிரண்டு வயதானபோது பிட்ஸ்பர்க் பக்கத்து இரும்பு ஆலை ஒன்றைப் பார்க்கத் தந்தை அவரை அழைத்துப் போனார். நள்ளிரவு தாண்டிய நேரம். புது முறையில் எஃகு வார்ப்பதைப் பெரியவர்கள் வியந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிறுமியின் கண்ணோ வேறு இடத்தில் இருந்தது. தன்னை விடச் சிறிய பையன்கள் கனத்த வாளிகளில் தொழிலாளிகளுக்குக் குடிதண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள். ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் உலையின் அனலருகே குந்தியிருந்த சிறுவர்களையும் அவர் கண்டார். எல்லோரும் பொருளைப் பார்க்கிறார்கள், அதைச் செய்யும் பிள்ளையை யாரும் பார்க்கவில்லை என்ற எண்ணம் அன்றே அவர் மனத்தில் பதிந்துவிட்டது.

படிப்பும் இல்லறமும்

பெண்களைச் சேர்த்துக்கொண்ட சில பல்கலைக்கழகங்களில் ஒன்றான கார்னெலில் 1876-ல் சேர்ந்தார். நோயினால் இடையில் படிப்பு தடைப்பட்டது. 1882-ல் பட்டம் பெற்றபோது அவர் எழுதிய ஆய்வுரை, சட்டத்தின் கண்ணில் குழந்தைக்கு என்ன இடம் என்பதைப் பற்றியது. மேற்படிப்புக்குச் சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்தார். பெண் என்பதால் இடம் கிடைக்கவில்லை. ஐரோப்பாவுக்குப் போய், பெண்களுக்கும் கதவைத் திறந்திருந்த சூரிச் நகரில் படித்தார்.

அங்கே சோஷலிஸ்டுகளின் தொடர்பு ஏற்பட்டது. இங்கிலாந்துத் தொழிலாளர்களின் நிலை பற்றி எங்கெல்ஸ் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 1887-ல் நியூயார்க்கில் வெளியாயிற்று. மருத்துவம் படித்துக்கொண்டிருந்த லாசர் விஷ்னெவெட்ஸ்கி என்பவரை 1884-ல் மணந்து, மூன்று குழந்தைகளுக்குத் தாயானார். குடும்பம் நியூயார்க்கில் குடியேறியது. கடன் ஏறியது. கணவர் கை நீட்டவும் தொடங்கினார். 1891 டிசம்பர் கடைசியில், மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அவர் சிகாகோவுக்கு ரயில் ஏறினார்.

புலம்பெயர்ந்தோர் பேட்டை

சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் ஹல் ஹவுஸ் என்ற இல்லம் இருந்தது. ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் என்ற இரு பெண்மணிகள் 1889-ல் அதைத் தொடங்கியிருந்தனர். படித்த பெண்கள் ஏழைகள் நடுவே குடியிருந்து அவர்களுக்குத் தொண்டு செய்யும் இடம் அது. கெல்லி அம்மையாருக்கு அங்கே அடைக்கலம் கிடைத்தது. பிள்ளைகளை நகருக்கு வடக்கே வின்னெட்கா என்ற ஊரில் ஒரு நண்பர் குடும்பத்தில் விட்டு வைத்தார். அந்தப் பேட்டையின் சாக்கடையும் நோயும் அப்படி. தம் பிள்ளைகளை அங்கிருந்து விலக்கி வைக்கத் தமக்கு வழியிருந்தது, பக்கத்து வீட்டுத் தாய்க்கு வழியில்லை என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

அங்கே குடியிருந்தவர்கள் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர்கள். இத்தாலியர், ரஷ்ய யூதர், போலந்துக்காரர், பொகீமியர், அயர்லாந்துக்காரர் என்று பல இனத்தார். கம்பெனிகளிடமிருந்து வெட்டிய துணியை வாங்கி வந்து, உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு வீட்டிலேயே தைப்பது அங்கே பெருந்தொழில். சமைக்கும் அறை, படுக்கும் அறை, தைக்கும் அறை எல்லாம் ஒன்றே. பட்டன் தைக்கவும் நூல் பிரிக்கவும் குழந்தைகளின் விரல்கள்.

1892-ல் இல்லினாய் மாநிலத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை, இந்தத் தையல் கூடங்களை ஆராயும் பணியை கெல்லி அம்மையாரிடம் கொடுத்தது. மறு ஆண்டு அமெரிக்க மத்திய அரசு பெருநகரங்களின் ஏழைக் குடியிருப்புகளைக் கணக்கெடுக்க முற்பட்டது. சிகாகோவில் அந்த வேலையின் பொறுப்பும் அவரிடமே வந்தது.

கறுப்பும் மஞ்சளும்

ஹல் ஹவுசுக்குக் கிழக்கே ஒரு சதுர மைலில் மூன்றில் ஒரு பங்கு நிலப்பரப்பை எடுத்துக்கொண்டார்கள். நான்கு கணக்கெடுப்பாளர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும், ஒவ்வொரு குடித்தனத்துக்கும் போய்ப் படிவங்களைப் பூர்த்தி செய்தார்கள். குடும்பத்தில் எத்தனை பேர், எங்கே பிறந்தவர்கள், என்ன வேலை, என்ன வருமானம் என்ற விவரங்கள் சேர்ந்தன. படிவங்கள் வாஷிங்டனுக்குப் போகும் முன் ஹல் ஹவுஸ் பெண்கள் ஒவ்வொன்றையும் பிரதி எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு முன்மாதிரி லண்டனில் இருந்தது. சார்லஸ் பூத் என்ற கப்பல் வணிகர் தம் சொந்தச் செலவில் லண்டன் தெருக்களை ஆராய்ந்து, வறுமைக்கும் வசதிக்கும் ஏற்ப வெவ்வேறு வர்ணம் தீட்டிப் படம் வெளியிட்டிருந்தார். சிகாகோப் பெண்கள் இன்னும் ஒரு படி உள்ளே போனார்கள். தெருவுக்கு ஒரு வர்ணம் என்றில்லாமல் வீட்டு மனைக்கு மனை வர்ணம் தீட்டினார்கள்.

படங்கள் இரண்டு. ஒன்று, யார் எந்த நாட்டவர் என்பதைக் காட்டியது. அந்தச் சிறு பரப்பில் 18 இனத்தார் இருந்தது அதில் தெரிந்தது. மற்றொன்று குடும்பத்தின் வாரக் கூலியைக் காட்டியது. வாரம் 5 டாலருக்கு மேல் போகாத குடும்பத்துக்குக் கறுப்பு. 5 முதல் 10 வரை நீலம். அடுத்து சிவப்பு, அதற்கும் மேலே பச்சை. 20 டாலருக்கு மேல் வாங்கும் குடும்பத்துக்கு மஞ்சள்.

இதில் இரண்டு செய்திகள் நம் கவனத்துக்கு உரியவை. முதலாவது, பின்கட்டு வீடுகள். தெருவைப் பார்த்த வீட்டில் ஓரளவு வருமானம் உள்ளவர் இருந்தார். அதன் முதுகுப்புறத்தில், வெளிச்சமும் காற்றும் வராத மரக்கொட்டகைகளில் மிக ஏழைகள் இருந்தார்கள். தெருவில் நடந்து போகிறவருக்கு அவர்கள் இருப்பதே தெரியாது. படத்தில் தெரிந்தது.

இரண்டாவது, குழந்தையின் நிறம். அயல் நாட்டுப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற கேள்வி வந்தது. அந்தக் குழந்தை அரசுப் பள்ளிக்குப் போனால் ஆங்கிலம் பேசுவோர் கணக்கு. போகாவிட்டால் பெற்றோரின் நாட்டுக் கணக்கு. ஆக, பள்ளிக்கூட வாசற்படி ஏறியதா இல்லையா என்பதைப் பொறுத்துப் படத்தில் குழந்தையின் நிறம் மாறியது.

ஏறாத குழந்தைகள் எத்தனையோ. அந்த வார்டில் பள்ளிப் பருவத்துக் குழந்தைகள் சுமார் 7,000 பேர். அரசுப் பள்ளிகளில் இருந்த இடமோ 3,000-க்கும் குறைவு. மற்றவர்கள் எங்கே போவார்கள்? மிட்டாய்த் தொழிற்சாலைக்கும், புகையிலைக் கிடங்குக்கும், தையல் கூடத்துக்கும், தெருவில் பத்திரிகை விற்கவும், பூட்சுக்குப் பாலிஷ் போடவும் போனார்கள்.

இந்தப் படங்களும் கட்டுரைகளும் 1895-ல் நூலாக வெளிவந்தன. படங்களுக்கு விளக்கம் எழுதியவர் ஆக்னஸ் ஹால்புரூக் என்ற இளம் பெண். வேலைக்குப் போகும் குழந்தைகளைப் பற்றிய கட்டுரையை கெல்லி அம்மையாரும் அல்சினா ஸ்டீவன்ஸ் அம்மையாரும் சேர்ந்து எழுதினார்கள். ஸ்டீவன்ஸ் தாமே சிறுவயதில் பஞ்சாலையில் வேலை செய்து ஒரு விரலை இழந்தவர். செலவைக் கருதிப் படங்களைக் குறைக்கும் பேச்சு வந்தபோது கெல்லி அம்மையார் இணங்கவில்லை. நூலின் உயிரே படங்களில் இருப்பதாக அவர் கருதினார்.

படத்திலிருந்து சட்டத்துக்கு

படம் வரைந்ததோடு அவர் நின்றிருந்தால் நாம் இன்று அவரை நினைக்க வேண்டியதில்லை. நூல் வெளிவரும் முன்பே அவர் செயலில் இறங்கிவிட்டார். தையல் கூடங்களைப் பற்றி அவர் கொடுத்த அறிக்கையை ஒட்டி 1893-ல் இல்லினாய் சட்டசபை தொழிற்சாலைச் சட்டம் ஒன்றை இயற்றியது. 14 வயதுக்கு உட்பட்டவர்களைத் தொழிற்சாலை வேலைக்கு வைக்கக் கூடாது. பெண்களுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. கவர்னர் ஆல்ட்கெல்ட் இந்தச் சட்டத்தை நிறைவேற்றும் தலைமை இன்ஸ்பெக்டராக கெல்லி அம்மையாரையே நியமித்தார். அவர் கீழ் உதவியாளர் ஒருவரும் இன்ஸ்பெக்டர்கள் பத்துப் பேரும் இருந்தார்கள்.

முதல் வழக்குகளில் ஒன்று பதினொரு வயதுப் பையனைப் பற்றியது. படச் சட்டங்களுக்கு நச்சுத் திரவத்தால் பொன் பூச்சுப் பூசிப் பூசி அவன் வலது கை செயலிழந்து போயிருந்தது. அரசு வக்கீலிடம் போனார். அவர் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தார். கெல்லி அம்மையார் மனம் தளரவில்லை. தாமே சட்டம் படிக்கச் சேர்ந்தார். பகலில் தொழிற்சாலை, இரவில் சட்டக் கல்லூரி என்று உழைத்துப் பட்டம் பெற்றார்.

1894-ல் சிகாகோவில் பெரியம்மை பரவியது. நோயாளி படுத்திருந்த அறையிலேயே துணி தைக்கப்பட்டு, அது கடைகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. எந்தச் சந்தில் எந்த வீட்டில் தையல் நடக்கிறது என்ற பட்டியல் இன்ஸ்பெக்டர்களிடம் இருந்தது. அவர்கள் ஆபத்தைப் பாராமல் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள்.

முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. 1895-ல் மாநில உயர் நீதிமன்றம் எட்டு மணி நேரப் பிரிவைச் செல்லாது என்று தள்ளியது. கவர்னர் மாறினார். 1897-ல் கெல்லி அம்மையாரின் பதவி பறிபோயிற்று. அவர் இடத்துக்கு வந்தவர், சிறுவர்களை வேலைக்கு வைத்திருந்த ஒரு கண்ணாடிக் கம்பெனியோடு தொடர்புடையவர்.

குழந்தைகளுக்கு ஓர் அலுவலகம்

1899-ல் தேசிய நுகர்வோர் சங்கத்தின் பொதுச் செயலாளராக அவர் நியூயார்க் சென்றார். கடைசி மூச்சு வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். குழந்தைகளை வேலைக்கு வைக்காமலும் சட்டத்தை மீறாமலும் நடக்கும் தொழிற்சாலையின் துணிக்கு மட்டும் வெள்ளை முத்திரை ஒன்றை அந்தச் சங்கம் கொடுத்தது. வாங்குகிறவர் அந்த முத்திரையைக் கேட்டு வாங்கினால் முதலாளி வழிக்கு வருவார் என்பது கணக்கு. கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909-ல் பிறந்த தேசியச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் அவரும் ஒருவர். இடையே 1905-ல், கல்லூரியில் காலடி வைத்த நேரத்தில் அவருடைய ஒரே மகள் மார்கரெட் இறந்துபோனாள். அந்தத் துயரையும் நெஞ்சில் சுமந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

நாட்டில் எத்தனை குழந்தை பிறக்கிறது, எத்தனை இறக்கிறது, ஏன் இறக்கிறது என்று கேட்க அரசில் ஓர் அலுவலகம் வேண்டும் என்பது அவரும் லில்லியன் வால்ட் என்ற தாதியும் பல ஆண்டுகள் வற்புறுத்திய கோரிக்கை. 1912-ல் குழந்தைகள் நலத்துறை அமைந்தது. அதன் முதல் தலைவர் ஹல் ஹவுசில் பழகிய ஜூலியா லாத்ரோப்.

அத்துறை 1913-ல் ஜான்ஸ்டவுன் என்ற எஃகு நகரில் வீடு வீடாக விசாரித்தது. ஓராண்டில் பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 134 முதல் பிறந்தநாளைக் காணாமல் இறந்தது தெரிந்தது. அந்தச் சராசரியோடு அவர்கள் நிற்கவில்லை. வார்டு வார்டாகவும் தந்தையின் கூலியை வைத்தும் பிரித்துப் பார்த்தார்கள். மிகக் குறைந்த கூலி வாங்கியவர் வீட்டில் குழந்தை இறப்பு, நல்ல கூலி வாங்கியவர் வீட்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. தாயின் அறியாமையே காரணம் என்று அதுவரை பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

இதன் பலனாக 1921-ல் தாய் சேய் நலச் சட்டம் வந்தது. மத்திய அரசின் பணத்தில் மாநிலங்களில் தாதிகளும் தாய் சேய் நல நிலையங்களும் பெருகினார்கள். எதிர்ப்பு வலுத்து 1929-ல் அந்த உதவி நின்றது. குழந்தை உழைப்பைத் தடுக்க 1916-ல் வந்த மத்தியச் சட்டமும் இரண்டே ஆண்டில் நீதிமன்றத்தில் விழுந்தது. இத்தனை தோல்விகளையும் பார்த்துவிட்டு, 1932 பிப்ரவரி 17-ந் தேதி கெல்லி அம்மையார் கண்மூடினார். அவர் கேட்ட சட்டம், அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து 1938-ல் நிலைபெற்றது.

படம் யார் கையில்?

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். அவர் இறந்த சில ஆண்டுகளில் அதே அமெரிக்காவில் வேறொரு வகைப் படங்கள் வந்தன. வீட்டுக் கடனுக்காக அரசு நிறுவனம் ஒன்று நகரங்களைத் தரம் பிரித்து, கறுப்பின மக்களும் புலம்பெயர்ந்தவர்களும் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பால் குறித்தது. அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்பது அந்தச் சிவப்பின் பொருள். யார் எங்கே இருக்கிறார் என்ற விவரம் உதவிக்கும் பயன்படும், ஒதுக்கி வைக்கவும் பயன்படும். ஹல் ஹவுசின் படத்தில் கறுப்பு தீட்டியவர்கள் அந்த வீட்டுக்கு மறுபடியும் போனார்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

மீண்டும் அகளிக்கு வருவோம். 1951-ல் அட்டப்பாடி மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்தின் மற்றப் பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்து குடியேற, அரை நூற்றாண்டில் அவர்கள் பாதிக்கும் குறைவானார்கள். நிலமும் கை மாறியது. மொத்தக் கணக்கில் அவர்கள் கரைந்து போனார்கள். 2013-ல் வந்த ஆய்வுக் குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தபோதுதான் கர்ப்பிணிகளின் இரத்தசோகையும் ஊட்டக்குறைவும் எடை குறைந்த பிரசவங்களும் வெளிச்சத்துக்கு வந்தன. அதன் பின் ஊர்களில் சமுதாய அடுக்களைகள் திறந்தார்கள். கோட்டத்துறையில் உள்ள பழங்குடியினர் மருத்துவமனைக்கும் கவனிப்பு கூடியது.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. மூணாறு, பீர்மேடு பக்கத்து எஸ்டேட் லயங்களிலும், பாலக்காடு, கொச்சி நகரங்களின் வாடகை அறைகளிலும் நம்மவர் குழந்தைகள் வளர்கிறார்கள். வேலை மாறினால் வீடும் மாறும். ஊரில் ஒரு பதிவு, இங்கே ஒரு பதிவு, சில நேரம் இரண்டிலும் இல்லை. அங்கன்வாடி ஊழியர் நோட்டுப் புத்தகத்தோடு வாசலில் வந்து நிற்கும்போது, நாம் வெளியூர்க்காரர், நமக்கு எதற்கு இதெல்லாம் என்று சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பெயர் எழுதாத குழந்தைக்குத் தடுப்பூசிக்கு ஆள் அனுப்ப முடியாது. சத்துணவுக் கணக்கிலும் அது வராது.

தம் வீட்டில் ஐந்து பெண் குழந்தைகளைப் பறிகொடுத்த ஒரு தாயின் மகள், ஊரார் வீட்டுக் குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போய்க் கணக்கில் சேர்த்தார். அடுத்த முறை அந்த நோட்டுப் புத்தகம் நம் வாசலுக்கு வரும்போது, நம் பிள்ளையின் பெயரைச் சொல்வோம். பின்கட்டில் இருக்கும் குடித்தனத்தையும் கை காட்டி விடுவோம்.